பக்கத்து வீட்டுக் கதவு

நிறுவனம் என்னை வியட்நாமுக்கு அனுப்ப முடிவு செய்தபோது, இரண்டு பக்கத் தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். ‘செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை’ என்பது அதன் தலைப்பு. பெயர் அட்டையை இரு கைகளாலும் நீட்ட வேண்டும். சோற்றுக் கிண்ணத்தில் உணவுக் குச்சிகளைச் செங்குத்தாகக் குத்தி வைக்கக் கூடாது. பிறர் முன்னிலையில் யாரையும் கடிந்துகொள்ளக் கூடாது. இப்படியே நீண்டது அந்தப் பட்டியல். விமானம் ஏறுவதற்கு முன்பே முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டேன். சிங்கப்பூரில் பள்ளிப் படிப்பை முடித்தவனுக்குத் தேர்வுக்குத் தயார் செய்யச் சொல்லியா தர வேண்டும்?

2015ஆம் ஆண்டு தொடங்கி மூன்று ஆண்டுகள் குடும்பத்துடன் அங்கே வாழ்ந்தேன். அந்தத் தாளில் இருந்த எதையும் நான் மீறியதில்லை. ஆனால், நான் அங்கே செய்த பெரிய தவறுகள் எவையும் அந்தத் தாளில் இல்லை.

உங்களில் பலர் பள்ளி விடுமுறையில் பெற்றோருடன் வெளிநாடு சென்றிருப்பீர்கள். திரும்பி வந்ததும், பயணம் பிற பண்பாடுகளைப் புரிந்துகொள்ள உதவுகிறது என்று கட்டுரையும் எழுதியிருப்பீர்கள். நானும் உங்கள் வயதில் அப்படி எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன்தான். இப்போது அந்தக் கருத்தைப் பாதிதான் ஏற்கிறேன். பயணம் நம்மை வேறோர் இடத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. அதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. அங்கே தவறு செய்து, வெட்கப்பட்டு, “இது ஏன் இப்படி?” என்று ஒருவரிடம் போய்க் கேட்ட பிறகுதான் எனக்கு ஏதாவது புரிந்தது. கேட்காமல் விட்டவை இன்றும் புரியாமலேயே இருக்கின்றன.

நான் வேலை செய்த தொழிற்சாலை ஹோ சி மின் நகருக்கு வடக்கே, பின் யுவோங் மாநிலத்தில் இருந்தது. 1996இல் வியட்நாமும் சிங்கப்பூரும் சேர்ந்து தங்கள் முதல் தொழிற்பேட்டையை அந்த மாநிலத்தில்தான் தொடங்கின. அதனால் அப்பகுதியில் சிங்கப்பூரர்களைப் பார்ப்பது அரிதன்று. முதல் நாள், பிரிவுத் தலைவர்கள் ஐந்தாறு பேர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். கை குலுக்கி முடிந்ததும் முதல் கேள்வியாக, “உங்களுக்கு என்ன வயது?” என்றார்கள். அடுத்து, “திருமணம் ஆகிவிட்டதா? எத்தனை பிள்ளைகள்?” என்றார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. அலுவலகத்தில் ஒருவரின் வயதைக் கேட்பது நாகரிகமில்லை என்று பழகியவன் நான். வயதில் சிறியவன் தங்களுக்கு மேலாளராக வந்துவிட்டான் என்று எடைபோடுகிறார்களோ என்ற ஐயமும் வந்தது. “நாற்பதுக்குப் பக்கத்தில்” என்று பிடிகொடுக்காமல் சொன்னேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதன்பிறகு அன்று முழுவதும் என்னிடம் அதிகம் பேசவில்லை.

அவர்கள் பேசாததன் காரணத்தை இரண்டு வாரங்கள் கழித்து எங்கள் மொழிபெயர்ப்பாளரான இளம்பெண்தான் விளக்கினார். வியட்நாமிய மொழியில் நான், நீ என்ற சொற்களுக்குப் பதிலாகப் பெரும்பாலும் உறவுப் பெயர்களையே பயன்படுத்துகிறார்கள். எதிரில் இருப்பவர் கொஞ்சம் மூத்த ஆண் என்றால் ‘ஆன்’, அதாவது அண்ணன். மூத்த பெண் என்றால் ‘சி’, அக்கா. இளையவர் என்றால் ‘எம்’. தந்தையின் தம்பி வயதுடையவர் ‘சூ’. பேசுபவர் தம்மைக் குறிக்கும் சொல்லும் இதற்கேற்ப மாறிவிடும். அண்ணனிடம் பேசும்போது ஒருவர் தம்மை ‘நான்’ என்று சொல்லிக்கொள்ள மாட்டார். ‘தம்பி’ என்றோ ‘தங்கை’ என்றோ பொருள்படும் ‘எம்’ என்ற சொல்லால்தான் தம்மைக் குறிப்பார். ஆகவே, எதிரில் இருப்பவரின் வயது தெரியாவிட்டால் இயல்பாக ஒரு வாக்கியத்தைத் தொடங்குவதே கடினம். பொதுவான சொல் ஒன்று இருக்கிறது. ஆனால், அது முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசுவதுபோல் இருக்கும் என்றார் அந்தப் பெண். அன்று அவர்கள் என்னை எடைபோடவில்லை. என்னை அழைக்க ஒரு சொல் தேடியிருக்கிறார்கள். நான்தான் கொடுக்க மறுத்துவிட்டேன்.

இதில் எனக்கு வெட்கம் தந்த செய்தி வேறு. நான் தமிழன். கடைக்காரரை ‘அண்ணே’ என்று அழைத்து வளர்ந்தவன். புதிதாக ஒருவரைச் சந்தித்தால், ‘நீ’ என்பதா ‘நீங்கள்’ என்பதா என்று அவர் முகத்தைப் பார்த்து வயதைக் கணக்கிடாத தமிழர் உண்டா? சிங்கப்பூரில் டாக்சி ஓட்டுநரையும் உணவங்காடிக் கடைக்காரரையும் ‘அங்கிள்’, ‘ஆண்ட்டி’ என்று அழைக்காமல் நமக்கு ஒரு நாள் கழியுமா? அவர்கள் கேட்ட கேள்வியை நாம் வாய்விட்டுக் கேட்பதில்லை. கண்ணால் கேட்டுக்கொள்கிறோம். மறுநாள் அந்தப் பிரிவுத் தலைவர்களிடம் என் பிறந்த ஆண்டைச் சொன்னேன். மூவருக்கு நான் ‘ஆன்’. ஒருவருக்கு ‘எம்’. அந்த ஒருவர் அன்றுமுதல் தாம் மூத்தவர் என்ற உரிமையோடு எனக்குக் காப்பி வாங்கித் தரத் தொடங்கினார்.

வேலையில் நடந்த இன்னொரு தவறு காசையும் தின்றது. ஒரு புதிய இயந்திரத்தை இயக்கும் முறையை இளம் தொழிலாளர்களுக்கு விளக்கினேன். ஒவ்வொரு படியிலும் “யா, யா” என்று தலையசைத்தார்கள். புரிந்துவிட்டது என்று எண்ணிக் கிளம்பிவிட்டேன். மறுநாள் காலையில் ஒரு தொகுதிப் பொருள்கள் முழுவதும் வீணாகியிருந்தன. ‘யா’ என்பது பெரியவர் பேசும்போது சிறியவர் காட்டும் பணிவு. “சொல்லுங்கள், கேட்டுக்கொண்டிருக்கிறேன்” என்பதுதான் அதன் பொருள். “புரிந்தது” என்றோ “சம்மதம்” என்றோ அதை எடுத்துக்கொள்ள முடியாது. தாத்தா பேசும்போது நாம் ‘ம்... ம்...’ கொட்டுகிறோமே, அதைப் போலத்தான். அதற்குப் பிறகு “புரிந்ததா?” என்று நான் யாரையும் கேட்பதில்லை. “நாளைக் காலையில் முதலில் எந்தப் பொத்தானை அழுத்துவீர்கள்?” என்று கேட்பேன். அது பயன்பட்டது.

தொழிற்சாலையில் செய்த தவறுகளுக்கு விலை உண்டு, கட்டிவிடலாம். வீட்டுக்குப் பக்கத்தில் செய்த தவறு அப்படிப்பட்டதன்று.

நாங்கள் தூ யாவ் மோட் நகரில் ஒரு சந்தில் வீடு வாடகைக்கு எடுத்திருந்தோம். பக்கத்து வீட்டில் அறுபது வயதை நெருங்கிய ஒரு பெண்மணி, கல்லூரியில் படிக்கும் மகளுடன் வாழ்ந்தார். வீட்டின் முன்பகுதியிலேயே காலை நேரத்தில் ‘ஹூ தியூ’ என்ற நூடல்ஸ் விற்பார். தாழ்வான பிளாஸ்டிக் முக்காலிகள் பத்து, ஒரு பெரிய பானை, இவ்வளவுதான் கடை. என் பிள்ளைகள் அவரை ‘பா’ என்று அழைத்தார்கள். பாட்டி என்று பொருள். எங்கள் மகனுக்குக் காய்ச்சல் வந்த நாள்களில் காரமில்லாத கஞ்சி அவர் வீட்டிலிருந்துதான் வரும்.

நாங்கள் சென்ற அதே ஆண்டு ஆகஸ்டு மாதம், சிங்கப்பூரில் என் அப்பா காலமானார். காரியங்கள் முடிந்ததும் அம்மாவை எங்களுடன் அழைத்துவந்துவிட்டோம். அந்தத் தீபாவளிக்கு வீட்டில் பலகாரம் செய்யவில்லை; புத்தாடை இல்லை; யார் வீட்டுக்கும் போகவில்லை. ஓராண்டுக்குப் பண்டிகை இல்லை என்பது உங்கள் வீடுகளிலும் தெரிந்த வழக்கமாகத்தான் இருக்கும்.

பிப்ரவரியில் ‘தெத்’ வந்தது. வியட்நாமியரின் சந்திர நாள்காட்டிப் புத்தாண்டு அது. சந்து முழுவதும் மஞ்சள் நிற ‘மாய்’ மலர்ச் செடிகள். முதல் நாள் மாலையில் என் மனைவி ஒரு சீப்பு வாழைப்பழத்தை அந்த அம்மாளிடம் கொடுத்தார். நம் வீட்டில் வாழைப்பழம் இல்லாமல் சாமி கும்பிடுவோமா? அவர் சிரித்துக்கொண்டே வாங்கி, சமையலறையில் வைத்துவிட்டார். முன்னோர் மேடையில் வைக்கவில்லை. அதற்கான காரணத்தை மகள்தான் சொன்னாள். தென் வியட்நாமில் வாழையைக் குறிக்கும் சொல்லின் ஒலி, தலைகுப்புறச் சாய்வதைக் குறிக்கும் சொல்லின் ஒலியைப் போன்றது. ஆகவே, புத்தாண்டுத் தட்டில் அதற்கு இடமில்லை. அவர்கள் வைப்பவை சீத்தாப்பழம், தேங்காய், பப்பாளி, மாம்பழம். அந்தப் பழங்களின் பெயர்களை அவர்கள் வட்டார ஒலிப்பில் வரிசையாகச் சொன்னால், ‘செலவுக்குப் போதுமான அளவு வேண்டுகிறோம்’ என்று கேட்கும். கோடி கோடியாக வேண்டும் என்று கேட்பதில்லை. போதுமான அளவுதான்! எனக்கு அந்தத் தட்டு மிகவும் பிடித்துப்போயிற்று. ஆனால், அதே நாட்டின் வட பகுதியில் புத்தாண்டுத் தட்டின் நடுவில் இருப்பதே ஒரு சீப்புப் பச்சை வாழைதான். ‘வியட்நாமியர் இப்படித்தான்’ என்று தொடங்கும் எந்த வாக்கியத்தையும் அதற்குப் பிறகு நான் நம்புவதில்லை. ‘தமிழர் இப்படித்தான்’ என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நள்ளிரவில் நகரத்தின் வாணவேடிக்கையைப் பார்த்துவிட்டு நாங்கள் நால்வரும் சந்துக்குத் திரும்பினோம். அம்மா வரவில்லை. “நீங்க போயிட்டு வாங்க, எனக்கு வேணாம்” என்று சொல்லிவிட்டார். தூக்கம் போலும் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருந்தது. விளக்கு எரிந்தது. ஊதுவத்தி மணம் தெருவரை வந்தது. சீனப் புத்தாண்டுக்கு நாம் செய்வதுபோல, கொடுப்பதற்காக இரண்டு ஆரஞ்சுப் பழங்கள் வாங்கி வைத்திருந்தேன். காலைவரை ஏன் காத்திருக்க வேண்டும்? “வாங்க, முதல் ஆளாகப் போய் வாழ்த்திடலாம்!” என்று பிள்ளைகளை அழைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அந்த அம்மாள் மேடைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஒரு நொடி அசையாமல் நின்றார். பிறகு சிரித்தார். பழங்களை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். பிள்ளைகளுக்குச் சிவப்பு உறையில் பணம் கொடுத்தார். மகள் மட்டும் சுவரோரமாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு நொடியை நான் பார்த்தேன். பார்த்தும், அது என்னவென்று கேட்கவில்லை.

விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பியதும், மொழிபெயர்ப்பாளரிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் கையிலிருந்த தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

“நீங்கள்தான் முதல் ஆளா? உங்களுக்கு முன்னால் யாரும் வரவில்லையா?”

“இல்லை, நாங்கள்தான்.”

“நீங்கள் பிறந்த ஆண்டு அந்த அம்மாவின் ஆண்டுக்குப் பொருந்துமா என்று தெரியாதே...” என்று இழுத்தவர், தயங்கித் தயங்கிக் கேட்டார். “உங்கள் வீட்டில் இந்த ஓராண்டில் துக்கம் எதுவும் இல்லைதானே?”

நான் பதில் சொல்லவில்லை. அவருக்கு அப்பா இறந்தது நினைவுக்கு வந்தது. சட்டென்று வேறு பேச்சுக்கு மாறினார். நான் விடவில்லை. அவரும் சொல்ல வேண்டியதாயிற்று.

புத்தாண்டு பிறந்ததும் ஒரு வீட்டுக்குள் முதலில் காலடி எடுத்து வைப்பவரைப் பொறுத்துத்தான் அவ்வீட்டின் அந்த ஆண்டு அமையும் என்பது அவர்களின் நம்பிக்கை. ஆகவே, வயதுப் பொருத்தம் பார்த்து, குடும்பம் நல்ல நிலையில் உள்ள ஒருவரைப் பல வீடுகளில் முன்கூட்டியே அழைத்து வைப்பார்கள். துக்க வீட்டைச் சேர்ந்தவர்கள் அந்நாள்களில் தாமாகவே பிறர் வீட்டுக்குப் போக மாட்டார்கள். கடை வைத்துப் பிழைக்கும் வீட்டுக்கு இது சாதாரணச் செய்தியன்று.

அன்று மாலை அம்மாவிடம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “அதுக்குத்தான்பா நான் வரலைன்னு சொன்னேன். நம்ம வீட்டுல தீபாவளியே இல்லையே, அவங்க வீட்டுப் பெருநாளுக்கு நாம எப்படிப் போய் நிக்கிறது?” என்றார். அம்மாவுக்கு வியட்நாமிய மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. நிறுவனம் கொடுத்த தாளை அவர் பார்த்ததும் இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். துக்கத்தில் இருப்பவர் பிறருக்குத் தீமை கொண்டுவருவார் என்ற நம்பிக்கையை நான் ஏற்கவில்லை. நம் சமூகத்தில் கணவரை இழந்த பெண்களை நல்ல காரியங்களில் பின்னால் நிறுத்தும் வழக்கத்தையும் ஏற்கவில்லை. அம்மாவிடம் அதை அடிக்கடி சொல்லிச் சண்டை போடுபவன் நான். ஒரு பண்பாட்டைப் புரிந்துகொள்வதென்றால் அதிலுள்ள எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டும் என்பதில்லை. ஆனால், ஒருவருடைய வீட்டு வாசலில் நிற்கும்போது, என் நம்பிக்கை என்ன என்பது முக்கியமன்று. அந்த வீட்டார் எதற்கு அஞ்சுகிறார்கள் என்பது முக்கியம். அவர்களோடு வாதம் செய்வதற்கு வேறு நாள்கள் உண்டு.

நானும் மனைவியும் மன்னிப்புக் கேட்கப் போனோம். மகள் மொழிபெயர்த்தாள். அந்த அம்மாள் முழுவதும் கேட்டுவிட்டு, நான் எதிர்பாராத ஒன்றைக் கேட்டார்.

“உங்கள் அப்பாவுக்கு என்ன வயது?”

“எழுபத்தொன்று.”

“அப்படியானால் எனக்கு அண்ணன் முறை” என்றார். எழுந்துபோய் மேடையில் ஓர் ஊதுவத்தியை ஏற்றி வைத்தார். வேறெதுவும் பேசவில்லை. வயதைக் கேட்டாலே சுருக்கென்று இருந்த எனக்கு, அன்று அந்தக் கேள்வி எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

அந்த ஆண்டின் நடுவில் எங்கள் சந்தில் வடிகால் வேலைக்காக மண்ணைத் தோண்டினார்கள். ஏறத்தாழ இரண்டு மாதங்கள் வாடிக்கையாளர்கள் வரவில்லை. நான் சகுனத்தை நம்பாதவன்தான். இருந்தாலும், காலையில் அந்தக் காலி முக்காலிகளைக் கடந்து வேலைக்குப் போகும்போதெல்லாம் தலைகுனிந்துதான் போனேன். அவர் ஒரு நாளும் அதை இதோடு சேர்த்துப் பேசியதில்லை.

அடுத்த தெத் இரவில் நாங்கள் வாணவேடிக்கைக்குப் போகவில்லை. விளக்கைக்கூட அணைத்துவிட்டு வீட்டுக்குள் இருந்தோம். நள்ளிரவு கழிந்து சிறிது நேரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம். யாரோ உறவினர் பக்கத்து வீட்டுக்குள் போனார். சற்று நேரத்தில் எங்கள் கதவை மகள் தட்டினாள். “அம்மா கூப்பிடுகிறார். எல்லாரும் வர வேண்டுமாம். பாட்டியும்தான்.” துக்க ஆண்டு கழிந்துவிட்டது என்பதை அவர்கள் கணக்கு வைத்திருந்தார்கள். அம்மா புடவை மாற்றிக்கொண்டு வந்தார். கையில் மாம்பழம்.

அம்மாவைப் பற்றிப் பேசும்போது, ஹோ சி மின் நகரின் மாரியம்மன் கோயிலைச் சொல்லாமல் விட முடியாது. பென் தான் சந்தைக்கு அருகில், துருவோங் தின் சாலையில் உள்ளது அக்கோயில். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே குடியேறிய தமிழ் வணிகர்கள் கட்டியது. இன்று அங்கே வழிபட வருபவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியரும் சீனருமே. கை நிறைய ஊதுவத்திகளைப் பிடித்துக்கொண்டு மும்முறை குனிந்து வணங்குகிறார்கள். முதல் முறை பார்த்தபோது அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. “அம்மனை இப்படியா கும்பிடுறது?” என்றார். மூன்றாவது முறை போனபோது, அழுதுகொண்டிருந்த ஒரு வியட்நாமியப் பெண்ணின் அருகில் அமர்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் எதற்காக அழுதார் என்று அம்மாவுக்குத் தெரியாது. கோயிலில் அழுகிறவரிடம் எதைக் கேட்பது என்று என்னிடம் திருப்பிக் கேட்டார்.

பள்ளி விடுமுறையில் நடு வியட்நாமிலுள்ள மி சன் என்ற இடத்துக்கும் போனோம். 4ஆம் நூற்றாண்டு தொடங்கி 13ஆம் நூற்றாண்டுவரை சாம் இன அரசர்கள் அங்கே கோயில்கள் எழுப்பினார்கள். அவர்களின் முக்கியத் தெய்வம் பத்ரேசுவரர் என்ற பெயரில் சிவன். 1999இல் யுனெஸ்கோ அதை உலக மரபுடைமைத் தளமாக அறிவித்தது. வியட்நாம் போரின்போது, 1969இல், அமெரிக்க விமானங்கள் அங்கே குண்டு வீசின. கோபுரங்கள் சில இடிந்துபோயின. குண்டு விழுந்த பள்ளங்களில் புல் முளைத்திருந்தது.

லிங்கத்தைக் கண்டதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. “பார்த்தாயா, நம் சிவன்! எங்கெல்லாம் இருந்திருக்கிறோம்!” என்று மகளிடம் சொல்லிப் படமெடுக்கத் தொடங்கினேன். அவளுக்கு அப்போது பதினான்கு வயது. அவள் வழிகாட்டியிடம் போய், “இதைக் கட்டியவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?” என்று கேட்டாள். சாம் மக்கள் இன்றும் வியட்நாமின் தென்பகுதிகளில் வாழ்கிறார்கள் என்றும், அவர்களில் இன்றும் சிவனை வழிபடுவோரும் முஸ்லிம்களும் உண்டு என்றும் அவர் விளக்கினார். நான் ‘நாம்’ என்று சொல்லிக்கொண்டிருந்த இடத்தில், அவள் அந்த இடத்துக்கு உரியவர்களைத் தேடினாள். எதைப் பார்த்தாலும் அதில் நம்மையே தேடுவதும் ஒரு வகைப் பார்வைக் குறைபாடுதான். அது நல்லெண்ணத்தோடு வருவதால் நமக்குத் தெரிவதில்லை.

வெளிநாட்டில் மூன்று ஆண்டுகள் வாழ எல்லாருக்கும் வாய்ப்புக் கிடைக்குமா என்று நீங்கள் கேட்கலாம். கிடைக்காது. நான்கு நாள் சுற்றுலாவால் பயனே இல்லையா? அப்படியும் நான் சொல்ல மாட்டேன். என் மகள் அந்தக் கேள்வியைக் கேட்டது இரண்டு நாள் பயணம் ஒன்றில்தான். பயணத்துக்கு வழியே இல்லாதவர்களுக்கும் நம் நாட்டில் குறை ஒன்றும் இல்லை. ஒவ்வோர் அடுக்குமாடியிலும் பல இனத்தவரும் கலந்து வாழ வேண்டும் என்று 1989 முதல் நம் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடப்பில் உள்ளது. கொள்கை நம்மைப் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் குடிவைக்கும். கதவைத் தட்டுவது நம் வேலை. ஆண்டுதோறும் ஜூலை 21ஆம் தேதி இன நல்லிணக்க நாளில் பள்ளியில் மற்றோர் இனத்தவரின் உடையை அணிந்து படம் எடுத்துக்கொள்கிறோம். அது நல்லதுதான். அந்தப் படத்தில் உங்கள் அருகில் நிற்கும் நண்பரின் வீட்டில், பண்டிகை இல்லாத ஒரு சாதாரண நாளில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?

எனக்குத் தெரிந்திருக்கவில்லை. வியட்நாமுக்குப் போவதற்கு முன்பு பதினோர் ஆண்டுகள் ஒரே மாடியில் குடியிருந்தோம். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற சீன டாக்சி ஓட்டுநர் ஒருவர் தனியாக வாழ்கிறார். சீனரின் ஏழாம் மாதம் வந்தால் அவர் வாசலில் ஒரு தாழ்வான மேசை போட்டு, உணவு படைத்து, ஊதுவத்தி ஏற்றுவார். புகை எங்கள் வரவேற்பறைக்குள் வரும். மகனுக்கு இருமல் வரும். அந்தப் புகையைப் பற்றி நான் இரண்டு முறை புகார் எழுதியிருக்கிறேன். என் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். அதன்பிறகு அவர் மேசையைச் சுவரோரமாக, எங்கள் வீட்டிலிருந்து தள்ளி வைக்கத் தொடங்கினார். நேருக்கு நேர் பார்த்தால் இருவரும் தலையசைத்துக்கொள்வோம். அவ்வளவுதான்.

திரும்பி வந்த ஆண்டு, ஏழாம் மாதத்தில் அவர் மேசை போட்டபோது நான் வெளியே போய் நின்றேன். சோறு, கீரை, வேகவைத்த கோழி. அவற்றின் நடுவில் ஒரு கண்ணாடிக் குவளையில் காப்பி, ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது.

“அங்கிள், காப்பி யாருக்கு?”

அவர் என்னை வியப்போடு பார்த்தார். பதினான்கு ஆண்டுகளில் நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

“என் அம்மாவுக்கு” என்றார். “கெட்டிப் பால் நிறைய ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் குடிக்க மாட்டார்.”

அவருடைய அம்மா எத்தனை வயதில் இறந்தார் என்று கேட்டேன். சொன்னார். பிறகு இருவரும் தாழ்வாரத்தில் நெடுநேரம் நின்று பேசிக்கொண்டிருந்தோம். உள்ளே போய் அவர் எனக்கும் ஒரு காப்பி கலந்துகொண்டு வந்தார். இனிப்பு மிக அதிகம்.

அந்தப் புகார்களை எழுதியவன் நான்தான் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த ஆண்டு ஏழாம் மாதம் பிறப்பதற்குள் சொல்லிவிட வேண்டும்.